சுக்கினியும் அதன் தண்ணீரும்

உப்புவெளியில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் அக்கா குடும்பத்தினரின் விருந்தினர் விடுதி இருக்கிறது. ஆறு அறைகளும் ஒரு குசினியும் கொண்ட அந்த இடத்தில் 2014 ஆம் ஆண்டிலிருந்து சமையல் என் பொறுப்பு. சித்திரைக்குப் பிறகு கிழக்குக் கடல் அடங்கிவிட்டால் புரட்டாதி வரை வெளிநாட்டு விருந்தினர் வந்துபோவார்கள். அவர்களுக்குக் காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும், இரவில் சோறும் நான்கு கறிகளும் என்று எங்கள் வழக்கப்படியே சமைத்துக் கொடுப்பேன். கத்தரிக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், பூசணிக்காய் என்று கைக்குப் பழகிய மரக்கறிகளில் எனக்குத் தடுமாற்றம் வந்ததில்லை. ஆனால் சுக்கினி என்ற ஒரு காயை முறையாக வெட்டவும் சமைக்கவும் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு பருவகாலங்கள் எடுத்தன. இப்போது திருகோணமலையிலும் சிலர் அதை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். வாங்கியவர்கள், சமைத்தால் கூழாகிவிடுகிறதே என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை ஒரு முறை ஒழுங்காக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

முதன்முதலில் அந்தக் காயை என்னிடம் கொடுத்தவர்கள் நுவரெலியாவில் இரண்டு நாள் தங்கிவிட்டு எங்களிடம் வந்த பிரான்ஸ் நாட்டுத் தம்பதியினர். வழியோரக் கடையில் வாங்கிய நான்கு சுக்கினிகளை ஒரு பையில் கொண்டுவந்து, இதை உங்கள் முறையில் சமைத்துத் தாருங்கள் என்றார்கள். கடும் பச்சையாக, மினுமினுப்பாக, ஒரு சாண் நீளத்தில் இருந்த அதைக் கெக்கரிக்காயில் ஒரு வகை என்றே எண்ணினேன். தோலைச் சீவினேன், நடுவிலிருந்த மெத்தென்ற பகுதியை வழித்து எறிந்தேன், மீதியைச் சிறு துண்டுகளாக்கி, வெண்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள் சேர்த்து, காய் மூழ்கும் அளவுக்கு இரண்டாம் பால் விட்டு, மூடிபோட்டு அவித்தேன். பீர்க்கங்காய்ப் பால்கறிக்கு நான் செய்வது அதுதான். கால் மணித்தியாலம் கழித்து மூடியைத் திறந்தபோது சட்டிக்குள் காய் என்று சொல்ல எதுவும் இல்லை. மஞ்சள் நிறத் தண்ணீரும், அடியில் கரைந்து கிடந்த சதையும், மேலே பிரிந்து மிதந்த பாலின் எண்ணெயுமே இருந்தன. விருந்தினர் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மலைநாட்டிலிருந்து ஆசையாகச் சுமந்து வந்ததை அவர்கள் கிண்ணத்திலேயே மிச்சம் வைத்துவிட்டு எழுந்தது அன்றிரவு முழுவதும் என் மனதை உறுத்தியது.

அடுத்த வளவில், கொழும்பிலும் பின்னர் நிலாவெளியிலும் விடுதிக் குசினிகளில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். உறவு இல்லை என்றாலும் நாங்கள் அவரை மாமா என்றே கூப்பிடுவோம். சமைக்காமல் மிஞ்சியிருந்த ஒரே ஒரு சுக்கினியை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை அவரிடம் போனேன். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. காயின் நடுவிலிருந்து விரற்கடை தடிப்பில் ஒரு வட்டம் வெட்டிப் பலகையில் கிடத்தினார்; அதன் மேல் ஒரு சிட்டிகை தூள் உப்பைத் தூவினார்; "பாத்துக்கொண்டிரு பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் போட உள்ளே போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் உப்பு உருகி மறைந்தது. பிறகு தோலை ஒட்டிய ஓரத்தில் ஊசிமுனை அளவில் துளிகள் அரும்பின. அவை பருத்து ஒன்றோடொன்று கலந்தன. விதை இருந்த நடுப்பகுதி ஈரம் பூத்து மினுங்கியது. அவர் கோப்பைகளோடு திரும்பி வந்தபோது வட்டத்தைச் சுற்றிப் பலகையில் ஒரு வளையம் போலத் தண்ணீர் நின்றது. அந்த வட்டத்தை எடுத்து மடக்கச் சொன்னார். வெட்டிய உடனே மடக்கியிருந்தால் படக்கென்று முறிந்திருக்கக்கூடிய அது, இப்போது ஈரத்துணி போல வளைந்து கொடுத்தது. "இது முழுக்கத் தண்ணி, பிள்ளை. அதுக்குள்ள நீ இன்னும் தண்ணிய விட்டு மூடியும் வைச்சா, காய் எங்க போய் நிக்கும்?" என்றார்.

சுக்கினியின் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 95 பங்கு தண்ணீர். உருளைக்கிழங்கில் அது 80 பங்கு அளவில்தான் இருக்கும். தண்ணீர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அறைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கத்தி பட்ட இடத்தில் அந்த அறைகள் உடைந்து கொஞ்சம் கசியும். உப்புப் பட்டால் உள்ளே இருப்பது வெளியே இழுபட்டு வரும். சூடு ஏறினால் சுவர்களே தளர்ந்து மீதி எல்லாம் கொட்டும். கெக்கரிக்காய், சுரைக்காய், பீர்க்கங்காய் ஆகிய நம் காய்களும் இதே பூசணிக் குடும்பத்தவைதான். அவற்றிலும் நீர் இதே அளவு உண்டு. ஆனால் அவற்றைக் குழம்பாகவும் கூட்டாகவும் இளக்கியே நாம் உண்டு பழகிவிட்டதால் அவை விடும் தண்ணீர் நமக்குக் குறையாகத் தெரிவதில்லை. சுக்கினியின் சுவை மிக மென்மையானது. தண்ணீரில் கரைந்துவிட்டால் அதில் உண்பதற்கு எதுவும் மிஞ்சாது. அதனால் எந்தத் தடிப்பில், எந்த வடிவில் வெட்டுவது என்பதைத் தீர்மானிக்கும்போதே, அதன் தண்ணீர் எப்போது எங்கே வெளியேற வேண்டும் என்பதையும் நாம் தீர்மானித்துவிடுகிறோம். மாமாவிடம் நான் கற்றவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவையே.

காயைத் தெரிந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். சுக்கினியின் மூலம் அமெரிக்கக் கண்டத்துப் பூசணி. அது கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போன பின், பிஞ்சிலேயே பறித்து உண்ணும் இந்த வகையை இத்தாலியர்கள் உருவாக்கினார்கள். இத்தாலிய மொழியில் அந்தப் பெயருக்குச் சிறுபூசணி என்றுதான் பொருள். முற்றவிட்டால் அதுவும் ஒரு பூசணிக்காயாகவே ஆகிவிடும் என்பதை நினைவில் வைத்திருந்தால் கடையில் பெரியதைப் பார்த்து ஏமாற மாட்டோம். 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை நீளமும், 200 கிராம் அளவில் எடையும் உள்ளவையே எனக்குப் பிடித்தவை. கையில் எடுத்தால் அளவை விடக் கனமாக இருக்க வேண்டும். தோல் மினுங்க வேண்டும். பெருவிரலால் அழுத்தினால் எந்த இடமும் உள்ளே போகக் கூடாது. காம்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெட்டப்பட்ட காம்பு பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் பறித்து அதிக நாள் ஆகவில்லை. காய்ந்து சுருங்கிப் பழுப்பாக இருந்தால், மேனி எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே பஞ்சாகத் தொடங்கியிருக்கும். இந்தக் காய் நம் பக்கத்து வெயிலில் விளைந்து வருவதல்ல; நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் குளிரில் விளைந்து, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் கைமாறி, ஹபரணை, கந்தளாய் வழியாக லொறியில் இறங்கி வருகிறது. ஆகவே திருகோணமலைச் சந்தையில் நான் அதைக் காலையிலேயே வாங்குவேன். மத்தியான வெயிலில் தட்டில் கிடந்ததை வாங்கிச் சிறப்பாகச் சமைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கழுவ வேண்டாம். ஈரத்தோடு வைத்தால் காம்புப் பக்கம் அழுகும். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், குளிர் குறைந்த இடத்தில் வைத்தால் நான்கு நாள் தாங்கும். அதிக குளிர் பட்டால் தோலில் குழி குழியாக விழும். ஆடி மாதத்தில் கச்சான் காற்று வீசும் நாட்களில் வெளியே வைத்த காய் ஒரே நாளில் வாடிவிடுகிறது.

வெட்டப் போகும் நேரத்தில்தான் கழுவ வேண்டும். இளம் சுக்கினியின் தோலில் மிக நுண்ணிய மயிர் போன்ற சுணை இருக்கும். மண்துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். வெறுமனே தண்ணீரில் முக்கி எடுத்தால் அது போகாது. ஓடும் தண்ணீரில் பிடித்து உள்ளங்கையால் நீளவாட்டில் இரண்டு முறை உருவினால் கைக்கே தெரியும், சொரசொரப்புப் போய் வழவழப்பாகிவிடும். பிறகு துணியால் நன்றாக ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். இந்தத் துடைப்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஈரமான சுக்கினி கையிலும் நிற்காது, பலகையிலும் நிற்காது.

அடுத்து இரு முனைகளையும் நீக்க வேண்டும். காம்புப் பக்கம் விரற்கடை அளவும், பூ உதிர்ந்த அடிப்பக்கம் அதில் பாதியும் போதும். நீக்கிய உடனே, நான் இன்று வரை தவறாமல் செய்யும் ஒரு வேலை இருக்கிறது: அந்த இடத்திலிருந்து கடதாசி போல ஒரு மெல்லிய சீவலை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பேன். நல்ல சுக்கினி பச்சையாகவே மெல்லிய இனிப்பாக இருக்கும். கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும். கெக்கரிக்காயின் நுனியை வெட்டித் தேய்த்து நுரை எடுத்தால் கசப்புப் போய்விடும் என்று நம் அம்மாமார் செய்வது வழக்கம். சுக்கினி விடயத்தில் அந்த வழக்கத்தை நம்பி இருந்துவிடக் கூடாது. பூசணிக் குடும்பத்துக் காய்களில் கசப்பைத் தரும் குக்கர்பிற்றசின் என்ற பொருள் நச்சுத்தன்மை உடையது. அவித்தாலும் பொரித்தாலும் அது அழியாது. கடையில் வாங்கும் காயில் இது அரிது. ஆனால் வீட்டுத் தோட்டத்தில், சேமித்த விதையை முளைக்கவைத்து வளர்த்தவற்றில், அலங்காரத்துக்கு வளர்க்கும் கசப்புப் பூசணியின் மகரந்தம் கலந்திருந்தால் கசப்பு வரும். 2015 ஆம் ஆண்டு ஜேர்மனியில் வீட்டுத்தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்து உண்ட முதியவர் ஒருவர் இறந்துபோனார். சமைத்ததை வீணாக்கக் கூடாது என்று பழகிய நம் வீடுகளில், கசந்த கறியையும் கொஞ்சம் புளி விட்டுச் சரிசெய்து உண்ணும் எண்ணம் வரக்கூடும் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். சுரைக்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தோலைச் சீவ வேண்டாம். நான் முதல் நாள் செய்த பெரும் பிழை அதுதான். பிஞ்சுச் சுக்கினியின் தோல் மிக மெல்லியது. வெந்த பின் வாயில் தட்டுப்படாது. அதைவிட முக்கியமாக, துண்டு சட்டியில் உருக்குலையாமல் பிடித்து வைத்திருப்பது தோல்தான். பச்சை நிறமும் முழுவதும் தோலில் இருக்கிறது. அதேபோல் பிஞ்சின் விதைகளையும் வழிக்கத் தேவையில்லை. அவை இன்னும் விதையாகவே ஆகியிருக்காது.

இனி வெட்டும் முறை. உருண்ட காய் உருளும் என்பதுதான் இங்கே முதல் ஆபத்து. 2016 ஆம் ஆண்டுப் பருவத்தில், இருபது பேருக்கு இரவுச் சாப்பாடு இருந்த ஒரு நாள், அவசரத்தில் முழுக் காயைப் பலகையில் வைத்து நீளவாட்டில் பிளக்கப் போனேன். பாதி வழியில் அது உருண்டது. மழுங்கிய கத்தி வழுக்கி இடக்கைச் சுட்டுவிரலில் இறங்கியது. நான்கு தையல் போட வேண்டி வந்தது. மூன்று வாரம் அந்தக் கையில் தண்ணீர் படாமல் சமைத்தேன். அதற்குப் பிறகு நான் கைவிடாத ஒழுங்கு இது. பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்துவிட வேண்டும், பலகை அசையாது. காய் நீளமாக இருந்தால் முதலில் குறுக்கே இரண்டாகத் துண்டாக்க வேண்டும். ஒரு துண்டை வெட்டிய முகம் பலகையில் படும்படி நிமிர்த்தி நிறுத்தி, மேலிருந்து கீழாகக் கத்தியை இறக்கினால் அது உருளாமல் இரண்டு பாதியாகும். ஒவ்வொரு பாதியையும் வெட்டிய முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் எந்த வெட்டுக்கும் காய் அசையாமல் படுத்திருக்கும். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, விரல் முட்டிகளைக் கத்தியின் பக்கத்துக்கு அணைவாக வைத்தால் கத்தி விரலைத் தேடி வராது.

கத்தி கூராக இருக்க வேண்டும் என்பதை விரலின் பொருட்டு மட்டும் சொல்லவில்லை. மழுங்கிய கத்தி சுக்கினியை வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய முகத்திலிருந்து, உப்பே போடாமல், வெட்டிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கசிவதைப் பார்க்கலாம். சாணைக்கல்லில் தீட்டிய கத்தியால் வெட்டிய முகம் கண்ணாடி போல இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அதன் பிறகு மழுங்கிய கத்தியை எடுக்க மாட்டார். அரிவாள்மணையில் பழகியவர்களுக்கும் இந்தக் காய் ஒத்துவரும். காய் தானே கத்தியை நோக்கிப் போவதால் வட்டங்களும் அரைவட்டங்களும் மிக நேர்த்தியாக விழும். என் அம்மா இன்றும் அப்படித்தான் வெட்டுகிறார். நீளத் தகடுகளுக்கு மட்டும் அரிவாள்மணை சரிப்படாது. தடிப்பு ஒரு முனையில் கூடி மறுமுனையில் குறைந்துவிடும்.

வெட்டியபின் கையில் ஒரு பிசுபிசுப்பு ஏறி, காய்ந்ததும் தோலை இறுக்கிப் பிடிப்பது போல இருக்கும். காயின் பால்தான் அது. சவர்க்காரம் போட்டு உடனே கழுவிவிட்டுக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் போய்விடும். சிலருக்கு விரல் நுனியில் தோல் உரிவதுண்டு. அப்படிப்பட்டவர்கள் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

பால்கறிக்கு நான் அரைவட்டமாக, ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டுவேன். பார்க்கும்போது மிகத் தடிப்பாகத் தோன்றும்; வெந்ததும் சுருங்கி அளவாகிவிடும். அரை விரற்கடைக்கு வெட்டினால் வெளியே வேகும் நேரத்தில் நடுவும் கரைந்துவிடும். எல்லாத் துண்டும் ஒரே தடிப்பாக இருக்க வேண்டும் என்பது இந்தக் காய்க்குப் போல வேறு எதற்கும் அவசியமில்லை. ஏனென்றால் பச்சைக்கும் கூழுக்கும் இடையில் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. அரைக் கிலோ காய்க்கு இரண்டாம் பாலே தேவையில்லை. எண்ணெயில் வெண்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ரம்பை, சிறிது வெந்தயம் வதக்கி, அரைக் கோப்பை முதற்பாலை விட்டு, மஞ்சளும் உப்பும் போட்டு, அகப்பையால் துழாவிக்கொண்டே பாலை முதலில் தடிக்க விடுவேன். இவ்வளவு தடிப்பு வேண்டாமே என்று தோன்றும் பதத்தில் காயைப் போட வேண்டும். காய் தன் தண்ணீரை விட்டுப் பாலைத் தானே இளக்கிக்கொள்ளும். மூடி போடக் கூடாது. நான்கு அல்லது ஐந்து நிமிடத்தில், தோல் ஓரம் பச்சை கூடி, சதை பாதி கண்ணாடியாகும்போது இறக்கிவிட்டு, சூடு தணிந்த பின் தேசிக்காய் விட வேண்டும். சட்டியின் சூட்டிலேயே மீதி வேகும். அந்தப் பிரான்ஸ் தம்பதியினருக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய கறி இதுதான்.

வதக்கலுக்கும் பொரியலுக்கும் சின்னவிரல் தடிப்பிலும் நீளத்திலும் குச்சி குச்சியாக வெட்டுவது நல்லது. இங்கே உப்பை முன்கூட்டிப் போடவே கூடாது. தாச்சி நன்றாகக் காய்ந்து, எண்ணெயும் காய்ந்த பின், ஒரு அடுக்குக்கு மேல் போகாமல் பரப்பி, இரண்டு நிமிடம் கை வைக்காமல் விட வேண்டும். கூட்டமாகப் போட்டால் ஒன்று விடும் ஆவியில் மற்றது அவிந்துபோகும். பொன்னிறம் வரவே வராது. இதை எனக்கு உணர்த்தியது 2022 ஆம் ஆண்டு. எரிவாயுவுக்கு நாடு முழுவதும் வரிசையில் நின்ற அந்த மாதங்களில் நாங்கள் கொல்லைப்புறத்து விறகடுப்புக்குத் திரும்பினோம். எரிவாயுவைச் சிக்கனம் பிடிக்க எப்போதும் சிறுதீயிலேயே வதக்கிப் பழகிய எனக்கு, பனைமட்டையும் சவுக்கு விறகும் கொழுந்துவிட்டெரியும் அடுப்பில் இரும்புத் தாச்சியை வைத்தபோதுதான் சுக்கினி ஓரம் கருகாமல் சிவந்து, உள்ளே தண்ணீர் அடங்கி நிற்கும் பதம் கிடைத்தது. தண்ணீர் கசிகிற வேகத்தைவிட அது ஆவியாகிற வேகம் கூடுதலாக இருக்க வேண்டும். அதற்குப் பெருந்தீ வேண்டும். இப்போது எரிவாயு அடுப்பிலும் இதற்கு மட்டும் தீயைக் குறைப்பதில்லை. உப்பும் மிளகுத்தூளும் இறக்கிய பின்தான்.

வெளிநாட்டு விருந்தினருக்குத் தோசைக்கல்லில் வாட்டிக் கொடுப்பதற்கு, காயை முழு நீளத்துக்கும் எட்டு மில்லிமீற்றர் தடிப்பில் தகடுகளாக அரிவேன். இரு பக்கத்திலும் எண்ணெய் தடவ வேண்டியது தகட்டுக்கு, கல்லுக்கு அல்ல. புரட்டும்போது முறியாமல் இருக்கத் தகட்டின் இரு ஓரத்திலும் தோல் இருக்கும்படி வெட்டினால் போதும். இதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை.

நம் வீட்டுச் சோற்றோடு மிகவும் பொருந்துவது வறைதான் என்பது என் தீர்மானம். அதற்குக் காயைத் துருவ வேண்டும். துருவலியின் பெரிய கண்ணில், காயை நீளவாட்டில் பிடித்துத் துருவினால் நூல் நூலாக விழும், சிறிய கண்ணில் துருவினால் அந்த இடத்திலேயே குழைந்துவிடும். அரைக் கிலோத் துருவலுக்கு ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டுப் பிசறி, வடிதட்டில் இருபது நிமிடம் விட வேண்டும். பிறகு ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி, தேங்காய்ப்பால் பிழிவது போல முறுக்கிப் பிழிய வேண்டும். முதல் தடவை இதைச் செய்பவர்கள் பாத்திரத்தில் விழும் தண்ணீரைக் கண்டு திகைப்பார்கள். அரைக் கோப்பைக்குக் குறையாது. துணிக்குள் மிஞ்சுவது பாதி அளவுதான், ஆனால் இனி அது தண்ணீர் விடாது. தாச்சியில் கடுகு, வெண்காயம், செத்தல்மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, துருவலை உதிர்த்துப் போட்டு மூன்று நிமிடம் கிளறி, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் சேர்த்து இன்னும் இரண்டு நிமிடத்தில் இறக்கலாம். உப்பை மறுபடி போடும் முன் ஒரு வாய் ருசித்துப் பார்க்க வேண்டும். பிழிந்ததில் பாதி உப்புப் போயிருந்தாலும் பாதி காயோடு நிற்கும். இதே பிழிந்த துருவலில் வெண்காயம், பெருஞ்சீரகம், கொஞ்சம் கடலைமா சேர்த்துத் தட்டிப் பொரித்தால் மழைநாளில் தேத்தண்ணீருக்கு நல்லது. பிழியாமல் செய்யப் போனால், தண்ணீரை இறுக்குவதற்காக மாவை மேலும் மேலும் கொட்டி, கடைசியில் மாவைத்தான் உண்ண நேரும்.

பச்சையாகப் பச்சடி செய்வதென்றால் மரக்கறிச் சீவியால் காயின் ஒரு பக்கத்தில் நீள நீளமாக நாடா போலச் சீவி, விதைப்பகுதி தெரியத் தொடங்கியதும் அடுத்த பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். மூதூரிலிருந்து வரும் சட்டித் தயிர் இதற்கு மிகவும் ஏற்றது. மேசைக்குப் போகும் நிமிடத்தில்தான் தயிரும் உப்பும் கலக்க வேண்டும்; பத்து நிமிடம் முந்தினாலும் தயிர் மோராகிவிடும். நடுவில் மிஞ்சும் விதைத்தண்டை எறிய வேண்டாம்.

அந்தத் தண்டையும், கடைக்காரர் விற்காமல் சும்மா கொடுக்கும் முற்றிய பெரிய காய்களையும் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். ஒரு முழத்துக்கு வளர்ந்துவிட்ட சுக்கினியில் மட்டும் தோலைச் சீவ வேண்டும். நீளவாட்டில் பிளந்து, கரண்டியின் ஓரத்தால் விதைகளையும் சுற்றியுள்ள பஞ்சையும் இழுத்து வழிக்க வேண்டும். மீதியைப் பூசணிக்காய் போல நினைத்து, தடித்த துண்டுகளாக வெட்டிக் கறித்தூள் போட்டுக் குழம்பு வைக்கலாம். துருவிப் பிழிந்து வறையும் செய்யலாம். பிஞ்சின் விதைத்தண்டைச் சிறிதாக அரிந்து, வறைக்குப் பிழிந்தபோது பாத்திரத்தில் சேர்ந்த அந்தப் பச்சைத் தண்ணீரிலேயே வெண்காயத்தோடும் பச்சைமிளகாயோடும் அவித்து, பால் விட்டு ஒரு கொதியில் இறக்கினால் இடியப்பத்துக்குச் சொதி ஆகிவிடும். பிழிந்த தண்ணீரில் உப்பு ஏற்கெனவே இருப்பதால் அந்தச் சொதிக்குத் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை. நான் தேசிக்காய் மட்டும் விடுவேன்.